ஆய்விலிருந்து நீக்கப்பட்ட வகுப்பு

பிள்ளைகள் எப்படிக் கற்கிறார்கள் என்று ஆராய வந்தவர்கள் வெள்ளை வாகனத்தில் வந்தார்கள். வாகனத்துக்குள் குளிரூட்டி வேலை செய்துகொண்டிருந்தது. எங்கள் வகுப்பறைக் கூரையில் பாதிக்கு ஓடு இல்லை.

சண்டை நின்று, பாதை திறந்து, சமாதானம் என்று எல்லோரும் சொல்லிக்கொண்டு திரிந்த காலம் அது. அந்த நாட்களில் எங்கள் தீவின் ஊர்காவற்றுறைக்கு வருகிற வாகனங்களுக்குக் குறைவில்லை. கிணறு பார்க்க ஒன்று வரும், மலசலகூடம் பார்க்க ஒன்று வரும், எங்கள் மனநிலையைப் பார்க்க இன்னொன்று வரும். வந்தவர்கள் கேட்டார்கள், எழுதினார்கள், பின்னேரம் நேவியின் சோதனைச் சாவடி மூட முன்னர் யாழ்ப்பாணத்துக்குத் திரும்பிப் போனார்கள். ஆகவே கல்வியைப் பார்க்க ஒரு வாகனம் வந்தது எனக்குப் பெரிய விடயமாகத் தெரியவில்லை.

நான் அப்போது தொண்டர் ஆசிரியை. தொண்டர் என்றால் என்றோ ஒரு நாள் நிரந்தர நியமனம் வரும் என்று நம்பிக்கொண்டு, பள்ளிக்கூட அதிபர் சொல்கிற எல்லாவற்றையும் செய்கிற ஆள். தை மாதக் கடைசியில் ஆண்டு ஒன்று வகுப்பிலிருந்து என்னை எடுத்து, பின்கட்டடத்தில் இருந்த ‘மெல்லக் கற்போர்’ வகுப்பில் விட்டார்கள். அந்தச் சொல்லைக் கண்டாலே எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வரும். தீவிலிருந்து யாழ்ப்பாணம், யாழ்ப்பாணத்திலிருந்து வன்னி, அங்கே இரண்டு மூன்று முகாம், பிறகு திரும்பத் தீவு என்று ஓடிய பிள்ளைகள் அவர்கள். ஒவ்வொரு இடத்திலும் ஆண்டு இரண்டையே திரும்பத் திரும்பப் படித்தவர்கள். அப்படிப்பட்ட பிள்ளை மெல்லக் கற்கிறதாம். இந்தப் பெயரை வைத்தவரைப் பாயும் பானையும் தூக்கிக்கொண்டு அதே பாதையில் நடக்கவிட்டு, கடைசியில் ஒரு சொல்வதெழுதல் வைத்துப் பார்க்க வேண்டும்.

அந்த வகுப்பில் ஒரு பெண்பிள்ளை. பதின்மூன்று வயது. பத்து வயதுப் பிள்ளைகளுக்கு நடுவில், முழங்கால் மேசையில் இடிக்க இடிக்க இருப்பாள். தன் பெயரை எழுதுவாள். அதற்கு மேல் ஒன்றும் இல்லை. தாய் விடியக் கரைக்கு வருகிற வலைகளிலிருந்து நண்டு கழற்றுகிறவர். நான் வகுப்பை எடுத்த முதல் கிழமையே, மீன் மணத்த கையைச் சீலையில் துடைத்துக்கொண்டு வந்து வாசலில் நின்றார்.

“ரீச்சர், இவள் வாசிப்பாளோ மாட்டாளோ? உண்மையைச் சொல்லுங்கோ. எனக்குக் கோவம் வராது.”

“வாசிப்பாள்.”

“உப்பிடித்தான் எத்தினை ரீச்சர்மார் சொல்லிப்போட்டினம். என்னோட கரைக்கு வந்தாளெண்டால் நண்டாவது கழட்டுவாள். நல்லாக் கை ஓடும் அவளுக்கு.”

“இந்த வருசம் விடுங்கோ அக்கா.”

“சரி, இந்த வருசம் விடுறன். வாசிக்கத் துவங்கினாளெண்டால் மிச்சத்தையும் படிக்கட்டும். இல்லையெண்டால் பிறகு வீட்டை வந்து என்னோட கதைக்கப்படாது.”

அந்தப் பெண்பிள்ளைக்கு இருந்தது அவ்வளவுதான். வாசித்தால் பள்ளிக்கூடம். வாசிக்காவிட்டால் நண்டு.

ஆய்வை நடத்தியவர் கொழும்பில் ஒரு பல்கலைக்கழகத்தில் படிப்பிக்கிற பெண். தமிழ்தான். நல்ல மனிசி, அதையும் சொல்ல வேண்டும். கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு அருவருப்பு வந்திராது. எங்கள் வாங்குப் பலகையில் எங்களோடு இருந்து, எங்கள் பாலில்லாத பிளேன்ரீயைக் குடித்து, தான் கண்டுபிடிக்க நினைப்பதைப் பொறுமையாகச் சொன்னார். ஒரு பந்தியைத் திரும்பத் திரும்ப வாசித்தால் அது தெரிந்த மாதிரி இருக்கும், ஆனால் தெரிந்திராது. ஒருதரம் வாசித்துவிட்டுப் புத்தகத்தை மூடி, அதில் என்ன இருந்தது என்று பக்கத்துப் பிள்ளைக்குச் சொல்ல வேண்டும். சொல்ல வராமல் திணறுகிற அந்த நேரத்தில்தான் படிப்பு நடக்கிறது. நேற்றுப் படித்ததை இன்றைக்குக் கேட்க வேண்டும், பிறகு சில நாள் விட்டு, மறக்கத் தொடங்கும்போது திரும்பக் கேட்க வேண்டும். எழுத்துத் தெரியாத பிள்ளைக்கு எழுத்து அட்டைகளோடும் இதேதான்.

“இதுக்குக் கொழும்பில இருந்து வரவேணுமோ, மிஸ்?” என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். “எல்லாருக்கும் தெரியும் ரீச்சர். ஒருத்தரும் செய்றதில்ல.”

அது உண்மைதான். நான் படித்ததும் அப்படித்தான். ஒரு வகுப்பு முழுவதும் எழும்பி நின்று, ஒரே இராகத்தில் கத்துவோம். கத்துகிற சத்தம் வீதிக்குக் கேட்டால் அது நல்ல பள்ளிக்கூடம்.

ஒவ்வொரு நாளும் ஒரு மணித்தியாலம் எனக்குத் தந்தார்கள். புங்குடுதீவில் ஒரு பள்ளிக்கூடத்தில் இதே மாதிரிப் பிள்ளைகளுக்கு ஒன்றும் கொடுக்காமல், சோதனை மட்டும் வைத்தார்கள். ஒப்பிட்டுப் பார்க்கவாம். “அந்தப் பிள்ளையளுக்கு எப்ப குடுப்பியள்?” என்று கேட்டேன். ஆய்வு முடிந்த பிறகு என்றார். கொடுக்கவில்லை. காய்ச்சல் எவ்வளவு என்று பார்த்துவிட்டு மருந்தைப் பையோடு கொண்டுபோன மாதிரி.

வருடத் தொடக்கத்தில், நான் அந்த வகுப்புக்குப் போக முன்னரே, ஆய்வுக்காரர் ஒரு பெடியனை அனுப்பி முதற் சோதனை வைத்திருந்தார்கள். ஒவ்வொரு பிள்ளையும் ஒரு பந்தியைச் சத்தமாக வாசிக்க வேண்டும். வருட முடிவில் வேறொரு பந்தி. இரண்டுக்கும் இடையில் உள்ள வித்தியாசந்தான் ஆய்வு. முதற் சோதனைப் புள்ளிகளை எனக்குக் காட்டவில்லை. காட்டினால் நான் ஆள்பார்த்துப் படிப்பிப்பேன் என்று பயமாம். சரி, அது அவர்களின் முறை.

நான் படிப்பித்தேன். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. புத்தகத்தை மூடச் சொன்னால் பிள்ளைகள் என்னைப் பார்த்து முழிக்கும். மூடின புத்தகத்தைப் பார்த்து என்ன சொல்வது? பிறகு மெல்ல மெல்ல ஒருவருக்கொருவர் பிழை பிடிக்கத் தொடங்கினார்கள். பிழை பிடிப்பதென்றால் எங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

“இல்லை ரீச்சர், இவன் பொய் சொல்லுறான். அதில மாடு இல்லை, ஆடுதான்.”

“நீ திறந்து பாரன் மோடு.”

“திறந்தாச்சு. ஆடுதான். உனக்குக் கண் அவியோணும்.”

ஆனி ஆடி மட்டில் அந்தப் பெண்பிள்ளை எழுத்துக்களைக் கூட்டத் தொடங்கினாள். கார்த்திகையில் மூன்று வரி வாசித்தாள். திக்கித் திக்கி, ஒவ்வொரு சொல்லிலும் நின்று நின்று, உதட்டில் வியர்வை பூக்க. வேகம் இல்லை, அழகு இல்லை. ஆனால் தாளில் இருந்ததைத்தான் வாசித்தாள். கடைசிச் சோதனையில் புதுப் பந்தியைக் கொடுத்தபோது நான் யன்னலுக்கு வெளியில் நின்று கேட்டேன். எனக்கு அழுகை வந்தது என்று எழுதினால் நன்றாக இருக்கும். வரவில்லை. “சத்தமாச் சொல்லு சனியன்” என்றுதான் மனதுக்குள் கத்திக்கொண்டு நின்றேன்.

இரண்டு கிழமை கழித்து அந்த மிஸ் தனியாக வந்தார். முகம் சரியில்லை. பிள்ளைகள் உள்ளே இருக்க, என்னை வகுப்பு வாசலில் வைத்துக் கேட்டார்.

“கோவிக்க வேணாம் ரீச்சர். இந்த வகுப்பில என்ன நடந்தது? மத்தப் பள்ளிக்கூடமெல்லாம் மேல போயிருக்கு. உங்கட வகுப்பு மட்டும் கீழ போயிருக்கு.”

“கீழ எண்டால்?”

“தை மாசம் வாசிச்சத விட இப்ப மோசமா வாசிக்கிறாங்க.”

“தை மாசம் இதுகளுக்கு எழுத்தே தெரியாது, மிஸ்.”

அவர் அந்தப் பெண்பிள்ளையைக் கையால் காட்டினார். “அந்தப் பிள்ளை தையில முழுப் பந்தியும் ஒரு பிழை இல்லாம வாசிச்சிருக்கு. இப்ப மூணு வரிதான்.”

நான் அவளைக் கூப்பிட்டேன். “தை மாசம் அந்தச் சோதனைக்கு வந்த அண்ணாவுக்கு என்ன வாசிச்சுக் காட்டினனி?”

அவள் நெஞ்சுக்குக் குறுக்கே கையைக் கட்டினாள். கண்ணைக் கூரைக்கு உயர்த்தினாள். “காலையில் மழை பெய்தது. அக்கா குடை பிடித்துச் சந்தைக்குப் போனாள். சந்தையில் சனக்கூட்டம் அதிகம்...” இரண்டாம் வரியில் முன்வாங்குப் பிள்ளைகள் சேர்ந்தார்கள். மூன்றாம் வரியில் வகுப்பு முழுவதும் எழும்பி நின்றது. மழையும் அக்காவும் குடையும் சந்தையும் கடைசி முற்றுப்புள்ளி வரை, ஒரே இராகத்தில், வீதிக்குக் கேட்கும்படி.

“ஆர் உதைச் சொல்லித் தந்தது?”

“பெரிய சேர் ரீச்சர். ரெண்டு நாள் வேற பாடமே இல்லை. இதுதான்.”

“விரலையும் தாளில கொண்டு போகச் சொன்னவர்,” என்றாள் அவள். “என்ர விரல் கெதியா முடிஞ்சு போச்சு. வாய் பிறகுதான் முடிஞ்சது.”

“அந்த அண்ணா உன்னை ஏசேல்லையே?”

“அவர் என்னைப் பார்க்கேல்ல ரீச்சர். மணிக்கூட்டைத்தான் பார்த்தவர்.”

பிள்ளைகள் சிரித்தார்கள். நான் அந்த மிஸ்ஸைப் பார்த்தேன். இவருக்குக் கோபம் வரும், இல்லாவிட்டால் வெட்கம் வரும் என்று நினைத்தேன். அவர் பையைத் திறந்து பேனையை எடுத்தார்.

“இவ்வளவு மாசத்துக்குப் பிறகும் ஒரு சொல் விடுபடேல்ல,” என்றார். “இது ரொம்பச் சுவாரசியமா இருக்கே.”

அந்த இடத்தில்தான் எனக்கு முதல் முறை அருவருப்பு வந்தது. ஒரு பிள்ளை வாய் வேறு கண் வேறாக நிற்கிறது. அதன் வாயில் வேறொருவன் ஒரு பந்தியைத் திணித்துவிட்டுப் போயிருக்கிறான். இவருக்கு அது சுவாரசியம்.

பிள்ளைகளின் பெரிய சேர், எங்கள் அதிபர், சத்தம் கேட்டு வந்தார். புங்குடுதீவில் பழைய வியாபாரக் குடும்பம், மோட்டார் சைக்கிளில் வருகிறவர், வெள்ளைச் சேட்டில் ஒரு சுருக்கம் இராது. வெளியாட்கள் வந்தால் பள்ளிக்கூடத்தை ஆயத்தப்படுத்துவதில் கெட்டிக்காரர். கல்விப் பணிப்பாளர் வந்தால் வாயில் தோரணம், பிள்ளைகளுக்கு வரவேற்புப் பாட்டு, கேட்கப் போகிற கேள்விக்கு விடை. சோதனைப் பந்தி முத்திரை வைத்த உறையில் முந்தியே வந்திருக்கிறது. அவர் உடைத்துக் கரும்பலகையில் எழுதியிருக்கிறார். அதை மறைக்கவும் இல்லை.

“சோதனையெண்டால் ஆயத்தப்படுத்தத்தானே வேணும், மிஸ்? ஆயத்தமில்லாமல் பிள்ளையளைக் கொண்டுபோய் இருத்துறதுக்கு நாங்கள் என்ன பொறுப்பில்லாத ஆக்களோ?”

“இல்ல சேர், தெரியாததைப் பாக்கத்தான் அந்தச் சோதனை. புள்ளி குறைஞ்சாத்தான் எங்களுக்கு நல்லம்.”

அதிபர் அவரை நிமிர்ந்து பார்த்தார். “உங்களுக்கு நல்லம். தீவாருக்கு ஒண்டும் தெரியாதெண்டு பார்க்கிறதுக்கு இவ்வளவு தூரம் டீசல் எரிச்சு வரவேணுமோ? வலயக் கல்விக் கந்தோரில கேட்டிருந்தால் அங்கையே சொல்லி அனுப்பியிருப்பினமே.”

இந்த ஒரு வசனத்துக்காக அவரை எனக்குக் கொஞ்சம் பிடித்தது. யாழ்ப்பாணத்தில் ‘தீவார்’ என்று சொல்லும்போது மூக்கு ஒரு சுருங்குச் சுருங்கும். அதை நானும் பார்த்திருக்கிறேன். அந்த மூக்குகளுக்கு முன்னால் எங்கள் பிள்ளைகள் முட்டை வாங்கக்கூடாது என்று அவர் நினைத்தார். முட்டை வாங்குவதுதான் அந்தச் சோதனையின் தேவை என்பது அவருக்குக் கடைசி வரை விளங்கவில்லை. எங்கள் தீவில் எவருக்கும் விளங்கியிராது. குறைந்த புள்ளியால் ஒரு பிள்ளைக்கு நன்மை வந்ததை நாங்கள் கண்டதில்லை.

பிறகு முடிவு வந்தது. முதற் சோதனை பழுதாகிவிட்டபடியால் எங்கள் பள்ளிக்கூடத்தை ஆய்விலிருந்து நீக்கிவிட்டார்களாம். கணக்குப்படி அது சரி. பழுதான ஒன்றை வைத்துக்கொண்டு எதையும் நிரூபிக்க முடியாது. ஆனால் நீக்கியது எதை? அந்தப் பெண்பிள்ளை வாசித்த மூன்று வரி எங்கே போனது? நடக்காதது ஆகிவிட்டதா? எழுத்து அட்டைகளையும் எண்ணித் திருப்பி அனுப்பச் சொன்னார்கள். அழுக்குப் படிந்த, மூலை மடிந்த அட்டைகள். அவற்றைக் கட்டும்போது எனக்கு வந்த கெட்ட வார்த்தைகளை இங்கே எழுத முடியாது.

அதிபருக்கோ பெரிய நிம்மதி. நீக்கினால் எங்கள் பெயர் எங்கும் கீழே வராது. ஆய்வு முடிந்தபடியால் மணித்தியாலமும் முடிந்தது என்றார். அடுத்த வருடம் அந்த நேரம் புலமைப்பரிசில் பரீட்சைக்குப் போகிற பிள்ளைகளுக்கு மேலதிக வகுப்பு.

நத்தார்ப் பண்டிகைக்கு முந்திய கிழமை தாய் திரும்பவும் வந்தார்.

“பெட்டை வீட்டில பழைய பேப்பரைப் பிரிச்சு வைச்சு வாசிக்கிறாள், ரீச்சர். ஒரு சொல்லுக்கு அரை மணித்தியாலம். ஆனால் வாசிக்கிறாள்.”

“ஓம் அக்கா.”

“தையிலயும் அந்த வகுப்பு இருக்கெல்லோ? இருந்தால் விடுறன். இல்லாட்டில் முன்வாங்குப் பிள்ளையளுக்குப் பின்னால குந்திக்கொண்டிருக்க விடமாட்டன். அது எனக்கும் சரியில்லை, அவளுக்கும் சரியில்லை.”

இருக்கும் என்று சொல்லிவிட்டு நேரே அதிபரின் அறைக்குப் போனேன். அந்த மணித்தியாலத்தைத் திருப்பித் தாருங்கள் என்று கேட்டேன். அவர் கதிரையில் சாய்ந்தார்.

“தங்கச்சி, நீர் அண்டைக்கு அந்த மிஸ்ஸுக்கு முன்னால பிள்ளையளைக் கூப்பிட்டு விசாரிச்சனீர். இப்ப கதை வலயக் கந்தோர் வரைக்கும் போயிட்டுது. நான் களவாச் சோதனைப் பந்தியைப் பாடமாக்குவிச்சனானாம்.”

“பாடமாக்குவிச்சனீங்கள்தானே, சேர்.”

“சரி. அப்ப நீரும் ஒண்டு செய்யும். அந்தப் பந்தியைப் பாடமாக்குவிச்சது நீர் எண்டு மிஸ்ஸுக்குச் சொல்லும். புதுசா வந்தனான், தெரியாமல் செய்துபோட்டன் எண்டு சொல்லும். தொண்டர் ஆசிரியைதானே, ஒருத்தரும் பெரிசா எடுக்கமாட்டினம். தையில உமக்கு மணித்தியாலம் தாறன்.”

அவர் இதைக் கூச்சமில்லாமல், தண்ணீர் கேட்கிற மாதிரிச் சொன்னார். எனக்கு அவரின் மேசையைப் புரட்ட வேண்டும் போல இருந்தது. புரட்டினால் மணித்தியாலம் வராது. வெளியே வந்து, இறங்குதுறைக்குப் பக்கத்தில் இருந்த ரெலிபோன் கடைக்குப் போய்க் கொழும்புக்கு எடுத்தேன்.

“மிஸ், அந்தப் பந்தியைச் சொல்லிக் குடுத்தது நான்தான். சேர் இல்லை.”

“ரீச்சர், தை மாசச் சோதனை நேரம் நீங்க அந்த வகுப்பிலயே இருக்கேல்ல. எனக்குத் தெரியும்.”

“தெரிஞ்சால் என்ன? எழுதிக்கொள்ளுங்கோ.”

“ஏன் இப்படிச் சொல்றீங்க?”

“உங்களுக்கு ஆய்வு வேணும். அவருக்குப் பெயர் வேணும். எனக்கு மணித்தியாலம் வேணும்.”

அவர் மாட்டேன் என்று சொல்வார் என்று எனக்குள் ஒரு நப்பாசை இருந்தது. பெருமூச்சு விட்டார். “சரி,” என்றார். எழுதியிருக்கிறார். ஓர் ஆசிரியையின் தலையீட்டினால் முதற் சோதனை பழுதானது என்று அறிக்கையில் ஒரு வசனம் இருப்பதாகப் பிறகு கேள்விப்பட்டேன். அந்த முறை மற்றப் பள்ளிக்கூடங்களில் நல்ல பலன் தந்தது என்றும் அதில் இருந்ததாம். நல்ல பலன் தரும்தான். நான் கண்ணால் பார்த்தேன். அதை ஒருவரும் என்னிடம் கேட்கவில்லை.

பொய் சொன்னதற்கு எனக்கு வெட்கம் இல்லை. திரும்பச் சொல்ல வேண்டி வந்தாலும் சொல்வேன். அருவருப்புத்தான் இருக்கிறது. ஒரு பிள்ளை வாசிக்கப் பழகுவதற்கு இத்தனை பேரின் கௌரவத்தைக் கழுவித் துடைத்து வைக்க வேண்டியிருந்தது. எனக்கு நியமனம் வரவில்லை. அது வேறு கதை.

தையில் மணித்தியாலம் கிடைத்தது. பிஸ்கட் பெட்டிகளைக் கிழித்து எழுத்து அட்டை செய்தோம். அவள் வந்தாள். மேசையை மட்டும் கொஞ்சம் உயரமானதாக மாற்றிக் கொடுத்தேன்.

வைகாசி மட்டில் இன்னொரு வாகனம் வந்தது. இவர்கள் வேறு ஆட்கள், கதிரை மேசை கொடுக்கிறவர்கள். அதிபர் அவர்களை நேரே என் வகுப்புக்குக் கூட்டிக்கொண்டு வந்தார். “இது எங்கட சொந்த முறை. மெல்லக் கற்கிற பிள்ளையளுக்கெண்டு நானே யோசிச்சுச் செய்தது,” என்றார். சொல்லும்போது என்னைப் பார்க்கவும் இல்லை, பார்க்காமல் விடவும் இல்லை. பிறகு அவளை எழுப்பி வாசிக்கச் சொன்னார். பந்தியை முந்தியே சொல்லிக் கொடுக்க இந்த முறை அவருக்கு நேரம் கிடைத்திருக்கவில்லை.

அவள் வாசித்தாள். மெதுவாகத்தான். ஒரு சொல்லில் பிழைத்து, திரும்பிப் போய், அதைச் சரியாக வாசித்தாள். வந்தவர்களில் ஒருவர் நேரத்தைப் பார்த்தார். அதிபரின் காலில் பரபரப்பு ஏறியது.

“காணும் பிள்ளை, நிப்பாட்டும். கெட்டிக்காரி. இரும், இரும்.”

“இன்னும் முடியேல்ல சேர்,” என்றாள். “கீழயும் கிடக்கு.”

அவர் அவர்களைப் பார்த்துச் சிரித்தார். அலுவலக அறையில் தேநீரும் றோல்ஸும் வைத்திருக்கிறது, ஆற முன்னர் போவோம் என்றார். அவர்கள் எழும்பிப் போனார்கள். அவள் ஒருவரையும் நிமிர்ந்து பார்க்காமல் மிச்சத்தை வாசித்துக்கொண்டிருந்தாள்.